வன்னிக்கு ஏன் ஒரு தனியார் கத்தோலிக்கக் கல்லூரி இல்லை?

கறுத்தக்கொழும்பான்:

வணக்கம் உறவுகளே. போன கிழமை இங்கே ரொறொன்ரோவில் எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டம். வழமையான கணக்கறிக்கை, வழமையான சண்டை. கடைசியில் ஒரு அண்ணை எழும்பி, "யாழ்ப்பாணத்துக்கு சென் பற்றிக்ஸ் கல்லூரி இருக்கு, திருக்குடும்பக் கன்னியர் மடம் இருக்கு. வன்னிப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கு? கிளிநொச்சிப் பக்கம் காணி வாங்கி ஒரு தனியார் கத்தோலிக்கக் கல்லூரி கட்டுவம்" என்றார். மண்டபமே கைதட்டியது. குழுவும் போட்டாயிற்று. செயலாளர் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நான் சின்ன வயதிலேயே வன்னியில், அதாவது யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே உள்ள வட இலங்கைப் பெருநிலப்பரப்பில், முறிகண்டியை விட்டு வந்தவன். எனக்கு அடிப்படையே தெரியாது. முன்பு அப்படி ஒரு கல்லூரி வன்னியில் இருந்ததா? இருந்தால் என்ன நடந்தது? றோ.க. (றோமன் கத்தோலிக்க) என்று பெயர்ப்பலகை போட்ட பள்ளிக்கூடங்கள் மன்னாரிலிருந்து முல்லைத்தீவு வரை இருக்கின்றனவே, அவை சுவாமிமாருடையவையா (கத்தோலிக்கக் குருமாருடையவையா), அரசாங்கத்தினுடையவையா? நாலு வீட்டுக் கதவைத் தட்டிக் காசு கேட்க முன்னர் இது விளங்க வேண்டும்.

பாலியாறு:

தம்பி, அந்த அண்ணை 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தை வாசித்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். வாசித்திருக்க மாட்டார். கல்வித் திணைக்களத்தில் கதிரை தேய்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1960க்கு முன்னர் நம் பகுதிப் பள்ளிக்கூடங்களில் கனக்க 'உதவி பெறும் பாடசாலைகள்'. முகாமையாளர் பங்குச் சுவாமியாகவோ மிஷனாகவோ இருப்பார், ஆசிரியர் சம்பளம் அரசாங்கக் காசு. கத்தோலிக்கருக்கு மட்டுமல்ல, சைவ வித்தியா விருத்திச் சங்கத்துக்கும் மெதடிஸ்தருக்கும் இதே ஏற்பாடுதான். 1960 ஆடியில் சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தார். பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சர். அந்த ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி 1960 டிசம்பர் 1 முதல் உதவி பெறும் பாடசாலைகளின் முகாமை கல்விப் பணிப்பாளர் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு 8ஆம் இலக்கச் சட்டம், காணியையும் கட்டடத்தையும் அரசுடைமையாக்கியது.

ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். முதலாம், இரண்டாம் தரப் பாடசாலைகள், அதாவது மேல் வகுப்புகள் உள்ள பெரியவை, அரச உதவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாக நடக்கலாம். ஆனால் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக்கூடாது. யாழ்ப்பாணம் சென் பற்றிக்ஸ் அந்த வாசலால் போய்த் தப்பியது. சம்பளத்துக்கு வழியில்லாமல் பட்ட பாடு தனிக்கதை. பின்னாளில் அரசு ஆசிரியர் சம்பளத்தைப் பொறுப்பேற்ற பிறகுதான் இப்படியான கல்லூரிகளுக்கு மூச்சு வந்தது.

வன்னியில் அந்த வாசலுக்குள் நுழையக்கூடிய அளவுக்கு வளர்ந்த கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்கள் இருக்கவில்லை. பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு வரையிலான ஓலைக்கூரைகள். அவை கையெழுத்தோடு போயின. ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: பெயர்ப்பலகை சுவாமிமாருடையது, பள்ளிக்கூடம் அரசாங்கத்தினுடையது.

மடுவீதி:

பாலியாறு ஐயா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். தெற்கே நீர்கொழும்பு, சிலாபக் கரையில் பெற்றோர் பள்ளிக்கூடங்களுக்குள் போய் இருந்து மறித்தார்கள். இரவும் அங்கேதான் சமையல், செபமாலை எல்லாம். பம்பாயிலிருந்து கர்தினால் கிறேசியஸ் வந்து பேசிய பிறகு 1961 தையில் அது அடங்கியது. நம் பக்கத்தில் அந்த மாதங்களில் ஆட்களின் மனம் வேறிடத்தில். சிங்களம் மட்டும் சட்டம் அந்தத் தையில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது, மாசியில் கச்சேரி (மாவட்ட அரச அலுவலக) வாசல்களில் சத்தியாக்கிரகம். பள்ளிக்கூடம் போனதை அழுது முடிப்பதற்குள் அவசரகாலச் சட்டம் வந்துவிட்டது.

வன்னியில் ஏன் பெரிய கல்லூரி வளரவில்லை என்பதற்குச் சட்டத்தை மட்டும் கேட்டால் போதாது. இங்கே இருந்தது காடு, குளம், மலேரியா. இரணைமடுவுக்குக் கீழே குடியேற்றம் தொடங்கிச் சனம் பெருகியதெல்லாம் போன நூற்றாண்டில்தான். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல், கிளிநொச்சி 1984இல். கத்தோலிக்கச் சனம் கரையோரத்தில் வலைக்காரராகவும் மாந்தைப் பக்கம் கமக்காரராகவும் சிதறி இருந்தது. அமலமரித் தியாகிகள் சபைச் சுவாமி ஒருவர் ஒரு பங்கில் இருந்துகொண்டு காட்டுப் பாதையால் நாலைந்து கோயில் பார்ப்பார். கோயில் விறாந்தைதான் பள்ளிக்கூடம், மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்தான் வாத்தியார். கல்லூரி கட்டுவதென்றால் யாழ்ப்பாணத்திலோ மன்னார்ப் பட்டினத்திலோ கட்டுவார்கள், மாங்குளத்திலா கட்டுவார்கள்? மன்னார்ப் பட்டினத்துப் புனித சவேரியார் கல்லூரிகளும் இன்று அரச பாடசாலைகள்தான்.

மறைமாவட்டக் கணக்கும் குழப்பமானது. 1981இல் மன்னார் தனி மறைமாவட்டமானபோது மன்னாரும் வவுனியாவும் அங்கே போயின. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் இன்னும் யாழ் மறைமாவட்டம். காசோலையை எந்த ஆயர் இல்லத்துக்கு எழுதுவது என்பதையும் சங்கத்தில் கேட்டு வையுங்கள்.

கிளாலிக்கடல்:

வன்னிக்குக் கல்லூரி இல்லை என்று யார் சொன்னது? இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்தது, நாங்கள் போடிங்கில் இருந்தோம்.

எங்கள் அப்பு முல்லைத்தீவில் கரைவலை வைத்திருந்தவர். பங்குச் சுவாமி கடிதம் கொடுத்து, ஆறாம் வகுப்பில் யாழ்ப்பாணத்தில் ஒரு கத்தோலிக்க விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். பெயர் வேண்டாம், நன்றியும் கோபமும் இரண்டும் இருக்கிறது. காலை மணி அடித்தால் பூசை, பிறகு படிப்பு, பிறகு பாணும் சம்பலும். பின்னேரம் காற்பந்து. அதில்தான் எங்களுக்கு மதிப்பு. முல்லைத்தீவு, மன்னார்க் கரைப் பொடியன்கள் மணலில் விளையாடிப் பழகியவர்கள், புல்லில் விட்டால் பிடிக்க முடியாது. வகுப்பில் 'வன்னியான்' என்று கூப்பிட்டவன் மைதானத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவான்.

தொண்ணூறில் சண்டை தொடங்கி ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டியும் மூடிய பிறகு தவணை விடுமுறைக்கு வீட்டுக்குப் போவதென்றால் முதலில் கொம்படி–ஊரியான் சேற்றால், பிறகு கிளாலியால் வள்ளம். இரவில்தான் ஓட்டம். நேவி கண்டால் அடிப்பான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் தெரியாமல், வள்ளத்தின் அடியில் தண்ணீர் காற்சட்டையை நனைக்க இருப்போம். அந்தக் கடலில் செத்தவர்கள் கனபேர். ஒரு தவணை முடிந்து அம்மா, "இனிப் போகவேண்டாம், இங்க படிச்சது காணும்" என்றார். அதோடு என் தனியார் கல்லூரி முடிந்தது. மிச்சம் முள்ளியவளையில் அரசாங்கப் பள்ளிக்கூடம், ஜாம் போத்தல் விளக்கு.

ஆகவே வன்னிக்குள் ஒன்று வேண்டும் என்று அந்த அண்ணை சொல்வது எனக்கு விளங்குகிறது. யாழ்ப்பாணத்துக்குப் பிள்ளையை அனுப்பினால்தான் படிப்பு என்ற எண்ணத்துக்கு எங்கள் தலைமுறை கொடுத்த விலை கொஞ்சமல்ல.

தண்ணீரூற்று:

நான் சைவம். படித்தது றோ.க. பள்ளிக்கூடம். இப்போது ஆசிரியை. கிளாலிக்கடல் அண்ணை 'அரசாங்கப் பள்ளிக்கூடம்' என்று சொன்ன தொனி எனக்குக் கொஞ்சம் குத்துகிறது, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

அரசு எடுத்ததோடு அந்தப் பள்ளிக்கூடங்களின் கத்தோலிக்கத் தன்மை போய்விடவில்லை. வவுனியாவில் இறம்பைக்குளம் மகளிரைப் பாருங்கள். பக்கத்தில் அந்தோனியார் கோயில், கன்னியர் மடம். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் திரேசாள் கோயிலும் திரேசா பெண்கள் கல்லூரியும். நியமனக் கடிதம் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வரும், ஆனால் அந்த நியமனத்தில் ஒரு சிஸ்ரரே அதிபராக வந்து இருப்பதும் உண்டு. சிஸ்ரர் அதிபராக இருந்தால் பள்ளிக்கூட முற்றம் பளிச்சென்று இருக்கும், பின்னல் அவிழ்ந்தால் அடி விழும். இரண்டும் எங்கள் பங்குக்குக் கிடைத்தன.

சமய பாட நேரம் வந்தால் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு பக்கம், சைவநெறிக்காரர் மரத்துக்குக் கீழே. மணி அடித்தால் திரும்ப ஒன்று. நவராத்திரிக்கு அவல் கடலை எங்களிடமிருந்து போகும், பெருநாளுக்குக் கொடியேற்றினால் எங்கள் வீட்டிலும் மச்சம் காய்ச்ச மாட்டார்கள். மே மாதம் மாதா வணக்க மாதம் என்று நான் வீட்டில் செபமாலைப் பாட்டுப் பாடினால், "திருவெம்பாவையும் பாடு, அதுக்கும் காசில்லை" என்பார் அம்மம்மா. மேடைப் பேச்சு, நாடகம் எல்லாம் எனக்குப் பழக்கியது அந்தப் பள்ளிக்கூடமும் அதற்குப் பின்னால் இருந்த கோயில் மண்டபமும்தான். பங்கு இளைஞர் வாசாப்போ கூத்தோ பழகினால் நாங்கள் மதில் மேல் ஏறி இருந்து முழுக்கப் பாடமாக்கிவிடுவோம்.

பலருக்குத் தெரியாத ஒன்று. முதலாம் வகுப்பு அனுமதிச் சுற்றறிக்கையில் இன்றும் ஒரு விதி இருக்கிறது: அரசு பொறுப்பேற்ற பாடசாலைகளில், பொறுப்பேற்ற வேளையில் எந்தச் சமயப் பிள்ளைகள் எந்த விகிதத்தில் இருந்தார்களோ அதைக் கருத்தில் எடுத்து இடம் ஒதுக்க வேண்டும். அறுபது வருசத்துக்கு முந்திய வகுப்பறை இன்னும் அனுமதிப் படிவத்தில் உட்கார்ந்திருக்கிறது.

வவுனிக்குளம்:

நல்லாத்தான் உருகுகிறீர்கள். நான் உருகப் போவதில்லை.

என் தகப்பனார் மலையகத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழு கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. எங்களை எந்த மிஷனும் கடிதம் கொடுத்து யாழ்ப்பாணம் அனுப்பவில்லை. 'உங்கட ஆக்கள் எவடம்' என்று கேட்காமல் என்னைச் சேர்த்தது அரசாங்கப் பள்ளிக்கூடம். அது கொட்டில்தான், கணித வாத்தியார் வருசத்தில் பாதி இல்லைதான். ஆனால் கதவு திறந்திருந்தது.

1960இல் பள்ளிக்கூடம் எடுத்ததை இந்த இழையில் எல்லோரும் களவு போனது மாதிரி எழுதுகிறீர்கள். அந்தச் சட்டத்தால்தான் சமயம் மாறினால் வேலை, ஞானஸ்நானம் எடுத்தால் இடம் என்ற கதைகள் ஓய்ந்தன. அதற்காகச் சந்தோசப்பட்ட தமிழரும் இருந்தார்கள். ரொறொன்ரோ அண்ணைமாரே, வன்னியில் ஒரு தனியார் கல்லூரி கட்டினால் அதில் படிக்கப்போவது யார்? கூலிக்குக் களை பிடுங்கும் வீட்டுப் பிள்ளையா, ஏ9 வீதியில் கடை வைத்திருக்கும் முதலாளியின் பிள்ளையா?

பாலியாறு:

வவுனிக்குளம் கேட்டதில் நியாயம் இருக்கிறது, ஆனால் 'சமயம் மாறினால் இடம்' என்பதை எல்லா மிஷன் பள்ளிக்கும் பொதுவாகச் சுமத்த முடியாது. தண்ணீரூற்று பிள்ளை மரத்துக்குக் கீழே சைவநெறி படித்ததைச் சொல்லியிருக்கிறாரே.

யார் படிப்பார்கள் என்பதற்குச் சட்டமே ஒரு பதில் வைத்திருக்கிறது. நான் சொன்ன 1961 சட்டம், ஐந்து வயது தொடக்கம் பதினாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதைத் தடுக்கிறது. ஆகவே சென் பற்றிக்ஸ் மாதிரி ஒன்றை, அரசு சம்பளம் கொடுக்க, கட்டணமில்லாமல், இன்று புதிதாக வன்னியில் கட்ட வழியில்லை. பிறகெப்படி ஊரெல்லாம் 'இன்ரநசனல் ஸ்கூல்' முளைக்கிறது என்று கேட்பீர்கள். அவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்த நிறுவனங்கள். கல்வி அமைச்சுக்கு அவை பாடசாலை அல்ல. ஆங்கிலத்தில் படிப்பிப்பார்கள், பலவற்றில் இலண்டன் பரீட்சை, மாதக் கட்டணம். அரசின் இலவசப் பாடநூலும் சீருடைத் துணியும் அங்கே கிடைக்காது.

அந்த அண்ணை கட்டப்போவது கல்லூரியல்ல, புனிதர் ஒருவரின் பெயரோடு ஒரு கம்பனி. பழைய மாணவர் சங்கம் வைத்து உணர்ச்சிவசப்படுவதற்கு முன்னர் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

மடுவீதி:

கல்லூரிக் கட்டடம் இல்லாமலே வன்னியில் கத்தோலிக்கச் சமூகம் படிப்பைக் கொண்டு நடத்திய காலம் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு வரலாறு எழுத முடியாது.

மடுவைச் சும்மா யாத்திரைத் தலம் என்று நினைக்க வேண்டாம். 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தைச் சனம் மாதாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்த நாளிலிருந்து அது அகதிகளின் இடம். 1990க்குப் பிறகு அங்கே திறந்த நிவாரண நிலையம் இருந்தது. ஆவணித் திருவிழாவுக்கு யாத்திரிகர் தங்கும் கொட்டில்களில் வருசக்கணக்காகக் குடும்பங்கள் இருந்தன. பிள்ளைகளுக்கு அங்கேயே படிப்பு. 1999 நவம்பர் 20இல் கோயில் வளவுக்குள் செல் விழுந்து நாற்பது பேரளவில் செத்தார்கள், அதில் பிள்ளைகளும். 2008 சித்திரையில் சண்டை நெருங்கியபோது சுவாமிமார் மாதாவையே தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

2015 தை 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தபோது முன்வரிசையில் இருந்த பலர் அந்தக் கொட்டிலில் படித்த பிள்ளைகளின் தாய்மார்.

தண்ணீரூற்று:

மடுவீதி அண்ணை தொட்டதால் நானும் சொல்கிறேன். முல்லைத்தீவுக் கரையில் 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு அடுத்த நாள். இராயப்பர் கோயில் கடலைப் பார்த்தபடி இருந்தது. கோயிலும் பக்கத்துப் பள்ளிக்கூடங்களும் சனமும் அள்ளுண்டு போயின. தையில் பள்ளிக்கூடம் தொடங்கியபோது வரவு இடாப்பைக் கூப்பிட முடியாமல் ரீச்சர் மூடி வைத்தார்.

அதற்கு முன்னர் தொண்ணூற்றாறில் ஆடியில் முல்லைத்தீவு, புரட்டாதியில் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்குள் காலையில் ஊர்ப் பள்ளிக்கூடம், பின்னேரம் இடம்பெயர்ந்த பள்ளிக்கூடம். அக்கராயன், மல்லாவி, புதுக்குடியிருப்பு எல்லா இடமும் இதே கதை. கரும்பலகை ஒன்று, அதிபர் இரண்டு பேர். சோக்கட்டிக்குச் சண்டை பிடித்ததும் நினைவிருக்கிறது.

போரின் கடைசிக் காலத்தில் விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று ஓட ஓட, தரப்பாள் கட்டிய இடத்திலெல்லாம் ஒரு சுவாமியோ சிஸ்ரரோ வாத்தியாரோ நாலு பிள்ளையை இருத்திக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வலைஞர்மடம் கோயில் வளவில் சனம் நிறைந்திருந்தது. அங்கும் செல் விழுந்தது. பிறகு இடம்பெயர்ந்த சனத்தை அடைத்து வைத்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். கம்பிக்குள் இருந்து 2009 ஆவணியில் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். மூன்று மாதத்துக்கு முன்னர் பங்கருக்குள் இருந்த பிள்ளைகள்.

கிளாலிக்கடல்:

இந்த இடத்தில் ஒருவரின் பெயரைச் சொல்லாமல் விட முடியாது. அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப். சென் பற்றிக்ஸ் கல்லூரியின் முன்னாள் அதிபர். யாழ்ப்பாணத்தின் பேர்பெற்ற தனியார் கத்தோலிக்கக் கல்லூரியை நடத்தியவர் பிறகு வன்னிக்கு வந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தார். வெளியேறச் சந்தர்ப்பம் இருந்தும் சனத்தோடு கடைசிவரை நின்றார். 2009 மே 18இல் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு அவர் போனதைக் கண்டவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 தையில் நல்லிணக்க ஆணைக்குழு முன்னால் வன்னியில் கணக்கில் வராத 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டாரே, அந்தக் கணக்குக்குள் ஒரு றெக்ரரும் (கல்லூரியை நடத்திய குருவும்) இருக்கிறார். கல்லூரி கட்டுவதென்றால் அவர் பெயரை வைப்பீர்களா, அல்லது பயப்படுவீர்களா என்று அந்தக் குழுவிடம் கேட்டுப் பாருங்கள் கறுத்தக்கொழும்பான்.

கறுத்தக்கொழும்பான்:

எல்லோருக்கும் நன்றி. கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. சரி, சட்டம் விளங்கிவிட்டது. இனிக் கேட்பது இது: புதிய கல்லூரி வேண்டாம் என்றால் அந்தக் காசால் இருக்கிற றோ.க. பள்ளிக்கூடம் ஒன்றுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்? மண்டபம் கட்டலாம் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள்.

வவுனிக்குளம்:

மண்டபமா? வன்னியில் மண்டபத்துக்குக் குறையில்லை. ஒவ்வொன்றிலும் கட்டிக் கொடுத்தவரின் பெயர் கல்வெட்டில் இருக்கும், உள்ளே வௌவால் இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெளிநாட்டுப் பழைய மாணவர் கணினி அறை போட்டார்கள். திறப்பு விழாவுக்கு மேளதாளம், மாலை, பொன்னாடை. மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. அறை பூட்டியபடி. திறப்பு (சாவி) அதிபரிடமா சங்கத்திடமா என்று சண்டை. பெயர் சொல்ல மாட்டேன்.

தண்ணீரூற்று:

விடுதி.

என்னைக் கேட்டால் வேறு பேச்சே இல்லை. தனியார் கல்லூரிகள் பிள்ளைகளை உருவாக்கியது கட்டடத்தால் அல்ல, விடுதியால். கிளாலிக்கடல் அண்ணை சொன்னதைத் திரும்ப வாசியுங்கள்: பூசை, படிப்பு, பாண், பந்து. ஒரு வலைக்காரரின் பிள்ளைக்கு இரவில் விளக்கும் மேசையும் கிடைத்ததுதான் பெரிய விசயம். 1960 சட்டம் பள்ளிக்கூடத்தைத்தான் எடுத்தது. கன்னியர் மடத்தையும் சுவாமிமார் இருக்கும் அறைவீட்டையும் எடுக்கவில்லை. அந்த வளவுகள் இன்றும் திருச்சபையின் கையில்தான் இருக்கின்றன. அவற்றில் விடுதி நடத்துவதற்கு யாரும் தடை சொல்லப் போவதில்லை, பதிவு எடுத்து ஒழுங்காக நடத்தினால் சரி. பிள்ளை இரவில் அங்கே இருந்து, பகலில் பக்கத்து அரச பள்ளிக்கூடத்துக்கு இலவசமாகப் போகும். வவுனிக்குளம் அண்ணை கேட்ட 'களை பிடுங்கும் வீட்டுப் பிள்ளை'க்கும் இடம் கிடைக்கும்.

என் வகுப்பில் பின்னேரம் போனால் அடுத்த பஸ் இல்லாத கிராமத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் நகரத்துப் பள்ளிக்கூடம்தான். தாய் மத்திய கிழக்கில், தகப்பன் காணாமல் போனவர், அம்மம்மாவோடு இருக்கும் பிள்ளைகள். அவர்களுக்கு ஆங்கிலக் கல்லூரி அவசரமில்லை. படிக்க ஒரு மேசை, விடிய ஒரு தேத்தண்ணி, ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வாசல்.

மடுவீதி:

ஆதரிக்கிறேன், ஆனால் ஒரு எச்சரிக்கை. விடுதி என்றால் கட்டடம் அல்ல, ஆள். பழைய காலத்தில் சிஸ்ரர்மாரும் பிறதர்மாரும் சம்பளமில்லாமல் இரவு பகலாக நின்றார்கள். இன்று தேவ அழைத்தல் குறைவு. பொறுப்பாளருக்கும் சமையலாளருக்கும் மாதாமாதம் சம்பளம் வேண்டும். பெண் பிள்ளைகள் என்றால் பாதுகாப்பு இரண்டு மடங்கு. சிறுவர் நன்னடத்தைத் திணைக்களம் வந்து பார்க்கும், பார்க்கத்தான் வேண்டும். விடுதிக்குள் நடக்கும் அடியையும் அநியாயத்தையும் 'சுவாமி சொன்னது, மதர் சொன்னது' என்று மூடிய காலம் போதும்.

படிப்பில் போகாத பிள்ளைக்கு முருங்கனில் சலேசியன் சபையின் தொன் பொஸ்கோ தொழிற்பயிற்சி மாதிரி ஒரு வழியும் யோசியுங்கள். எல்லோரும் உயர்தரம் எடுக்கப் போவதில்லை. ஒட்டுவேலை (வெல்டிங்) படித்தவன் இன்று என்னைவிடக் கூடுதலாக உழைக்கிறான்.

கிளாலிக்கடல்:

விடுதி சரி. ஆனால் வீட்டு ஏக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பதினொரு வயதில் கொண்டுபோய் விடாதீர்கள். ஓ.எல் (சாதாரணதரம்) முடித்து உயர்தரத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வையுங்கள். சின்னப் பிள்ளை தாய்க்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஊர்ப் பள்ளிக்கூடத்தைத் திருத்துங்கள்.

பாலியாறு:

ஒரு சின்ன வேலை, காசு செலவில்லாதது. போரில் பல பள்ளிக்கூடங்களின் சேர்விடாப்பும் சம்பவத் திரட்டும் அழிந்துவிட்டன. விடுகைப் பத்திரம் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் அதிபர்மார் பட்ட பாட்டைக் கண்டிருக்கிறேன். றோ.க. பள்ளிக்கூடங்களுக்கு மட்டும் ஒரு துணை இருக்கிறது: பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள், அமலமரித் தியாகிகள் எழுதி வைத்த மிஷன் குறிப்பேடுகள். எந்த ஆண்டில் எந்தக் கோயில் விறாந்தையில் பள்ளிக்கூடம் தொடங்கியது, யார் உபதேசியார் என்பதெல்லாம் அவற்றில் வரும். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்களிடம் உள்ள பழைய தேர்ச்சி அறிக்கை, வகுப்புப் படம், பரிசளிப்பு விழா மலர் எதையும் வருடி அனுப்பினால் பள்ளிக்கூடத்துக்கு வரலாறு என்று ஒன்று மிஞ்சும். தனிப்பட்ட விலாசங்களை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

வவுனிக்குளம்:

விடுதிக்கு நானும் கை தூக்குகிறேன், மூன்று நிபந்தனை. சமயம் கேட்கக்கூடாது. ஊர் கேட்கக்கூடாது. திறப்பு விழாவுக்குப் பொன்னாடை கூடாது.

கறுத்தக்கொழும்பான்:

மூன்றாவதைச் சங்கத்தில் நிறைவேற்றுவதுதான் கஷ்டம்.

அடுத்த கூட்டத்தில் 'கல்லூரி' என்ற தீர்மானத்தை மீள எடுத்து, உயர்தரப் பிள்ளைகளுக்கான விடுதி என்று மாற்றக் கேட்கப் போகிறேன். தண்ணீரூற்று அக்கா, ஒரு பிள்ளைக்கு மாதம் சாப்பாட்டோடு என்ன முடியும் என்று இன்றைய விலைக்கு ஒரு கணக்குப் போட்டு அனுப்ப முடியுமா? அரிசி, தேங்காய், விறகோ காஸோ, பொறுப்பாளர் சம்பளம் எல்லாம் சேர்த்து. மடுவீதி அண்ணை, கிளிநொச்சிப் பக்கம் எந்தப் பங்கில் வளவு சும்மா கிடக்கிறது என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

தண்ணீரூற்று:

கணக்குப் போடலாம் தம்பி. தேங்காய் விலை இந்தக் கிழமை ஒன்று, அடுத்த கிழமை ஒன்று. சனிக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு எழுதுகிறேன்.